குக்கருக்குள் வைத்தவை

மாநகராட்சி வண்டி
மராத்தியில் ஒரு தரம், இந்தியில் ஒரு தரம்
கத்திவிட்டுத் தொண்ணூறடி ரோட்டில் திரும்பியது.
தமிழில் சொன்னவள் எதிர்வீட்டு ரோஸ்லின்:
"நாளைக்கு மத்தியானமாம். பத்ரா பறக்குமாம்."

கடலில் அழுத்தம் குறைந்தால் புயல் என்கிறார்கள்.
வீட்டில் அது நேர்மாறு.
மூன்று நாளாக
அவர் தின்ற தட்டை அவரே கழுவுகிறார்.
எனக்கு வேண்டியதை மகளிடம் சொல்வேன்,
மகள் சுவரிடம் சொல்வாள்,
சுவர் அவரிடம் சொல்லும்.

தாட்பத்ரி, போன வருஷத்து ஓட்டைகளோடு.
மாலாவில் குடியிருக்கும் இம்தியாஸ்
தோல் ஒட்டும் பசையில் துண்டு வைத்து அடைத்துக் கொடுத்தான்.
அவன் தைத்த பைகள் நாற்பதும்
எங்கள் கட்டிலுக்கடியில் இறங்கியாயிற்று.
சோற்றிலும் புதுத் தோல் வாடை.

கூரைமேல் அவர் ஒரு நுனி,
ஏணியில் நான் ஒரு நுனி.
மாஹிம் பக்கத்து வானம் புளி போட்டுத் தேய்க்காத பித்தளை.
காற்று இன்னும் வரவில்லை,
வரும் என்பது மட்டும் வந்திருந்தது.

"பிடி" என்றார்.
மூன்று நாளில் முதல் சொல்.
"இறுக்கு."
இறுக்கினேன்.
"விடாதே."
கயிற்றைத்தான் சொன்னார்.
நானும் கயிற்றைத்தான் விடவில்லை.

மேலே பாரத்துக்கு ஒன்பது செங்கல், இரண்டு டயர்,
தையல் மெஷினின் இரும்புக் கால்,
ஓடாத மிக்ஸி.
கல்யாணத்துக்கு அவர் அக்கா கொடுத்த மிக்ஸி,
இன்றைக்குத்தான் ஒரு வேலைக்கு ஆகிறது.

காகிதங்களை எங்கே வைக்க?
பீரோ தரையோடு நிற்கிறது,
நாலு விரல் தண்ணீர் ஏறினால் கீழ்த்தட்டு போச்சு.
பிளாஸ்டிக் பையை எலி அறியும்.
மகள்தான் குக்கரைக் காட்டினாள்.
"அஞ்சு லிட்டர். ரப்பர் இருக்கு. வெயிட்டையும் போட்டுடலாம்."

துடைத்து ஃபேனுக்கடியில் காயவிட்டு
உள்ளே அடுக்கினோம்.
ரேஷன் கார்டு. மூன்று ஆதார்.
அவளுடைய ஒன்பதாம் வகுப்பு மார்க் ஷீட்.
தொண்ணூற்றாறாம் வருஷத்துக் கரண்டு பில்,
மாமனார் பெயரில், நூற்றுப் பதினேழு ரூபாய்.
இரண்டாயிரத்துக்கு முன்பே இங்கே இருந்தோம் என்று
கேட்க வருகிறவனிடம் பேச
எங்களுக்கு இருக்கிற ஒரே வாய் அது.

அப்போதுதான்
அவர் சட்டைகளுக்கு அடியில்
ஓர் அடகுச் சீட்டு.
வளையல் இரண்டு, பதினாறு கிராம்.
"ஆமா, வித்துட்டேன், போ" என்று
முகத்தைத் திருப்பிக்கொண்ட மனுஷன்.
பின்பக்கம் பென்சிலில்
வட்டி கட்டிய தேதிகள். மூன்று.

மகள் என்னைப் பார்த்தாள்.
சீட்டைக் கரண்டு பில்லின் மடிப்புக்குள் செருகி
மூடியை அழுத்திப் பூட்டினேன்.

புயல் வந்தது, முழுசாக வரவில்லை.
இரண்டு மணிநேரம் தாட்பத்ரி
மேலே ஆஸ்துமாக்காரர் போல ஏறி இறங்கியது.
அவர் ஏணியைப் பிடித்தபடியே நின்றார்,
ஏணி என்ன செய்துவிடும் என்றோ.
பிறகு வடக்கே, குஜராத் பக்கம் திரும்பிவிட்டதாம்.
ரோஸ்லின் சிலுவை போட்டுக்கொண்டாள்.
"அங்க இப்ப எவனோ கயிறு தேடிக்கிட்டிருப்பான்" என்றான்
இம்தியாஸ், அவனுக்கு வந்த தமிழில்.
அவள் கை தோளுக்கு எட்டாமல் நின்றது.

சாயங்காலம் எல்லாருக்கும் பசி.
"குக்கர் எங்கே?" என்றார்.
சுவரிடம் கேட்கவில்லை.

"இருக்கட்டும். இன்னிக்கு வடிச்சுக்கலாம்" என்றேன்.
அவர் மேல்பலகையைப் பார்த்தார்,
அடுக்கிக் கலைத்த சட்டைகளைப் பார்த்தார்.
ஒன்றும் கேட்காமல் பானையில் கரண்டியை விட்டு
ஒரு பருக்கையை எடுத்து விரலில் நசுக்கினார்.

"இன்னும் கொஞ்சம்" என்றார்.